ஓடைக்கரையா, ஆற்றங்கரையா: சேலம் எந்த நிலத்தை முதலில் வாங்க வேண்டும்?

போன ஐப்பசியில் கன்னங்குறிச்சியைத் தாண்டி மலையடிவாரம் நோக்கிப் போகும் மண்பாதையில் ஓர் ஓடையைக் கடந்தேன். கையில் வைத்திருந்த நில அளவைப் புலப்படத்தில் அதன் அகலம் எட்டு மீட்டர். தரையில் இருந்ததோ இரண்டடிச் சிமென்ட் குழாய் ஒன்றுதான். குழாயின் மேல் செம்மண் கொட்டி நிரவி, இருபுறமும் வெள்ளையடித்த மனைக்கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள். முந்தைய இரவு ஏற்காட்டில் மழை பெய்திருந்தது. குழாயின் வாயில் நொச்சித் தழையும் பிளாஸ்டிக் பைகளும் சிக்கிக்கொள்ள, வந்த தண்ணீர் வழி தெரியாமல் மனைக்கற்களைச் சுற்றித் தேங்கி நின்றது.

சேலத்தில் ஆற்றங்கரைப் பூங்கா பற்றியும் நீர்நிலை உயிரினங்களுக்கான இடம் பற்றியும் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழாய்தான் நினைவுக்கு வருகிறது. பொதுப்பணத்தில் நிலம் வாங்கலாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வாங்கியே ஆக வேண்டும் என்பவன் நான். ஆனால் எந்த நிலத்தை என்ற கேள்விக்கு நம்முன் குறைந்தது நான்கு பதில்கள் இருக்கின்றன. நான்கும் ஒரே பணத்துக்குப் போட்டியிடுபவை.

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறக்கிறது. சேலம் நகரின் நடுவே சுகவனேசுவரர் கோயிலை ஒட்டி ஓடுகிறது. உத்தமசோழபுரத்தில் கரபுரநாதர் கோயில் கரையைத் தொட்டு, நாமக்கல் மாவட்டத்தில் நன்செய் இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. மலையடிவாரம், நகரம், நகரத்துக்குக் கீழே உள்ள தோப்புகளும் வயல்களும் என்று அதை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் வாங்கக்கூடிய நிலமும் மூன்று வகை. எதையும் வாங்காமல் கையில் இருப்பதையே மீட்பது நான்காவது வழி.

முதலில் நகரத்துக்குள் இருக்கும் கரை. இதற்கான நியாயம் மிக வலுவானது. 2011 கணக்கெடுப்பின்படி 91.34 சதுர கிலோமீட்டரில் 8.29 லட்சம் பேர் வாழும் மாநகராட்சி இது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒன்பதாயிரம் பேர். குகை, கோட்டை ஆகிய நகரப் பகுதிகளில் ஒரு குழந்தை ஓடி விளையாடச் சாலையை விட்டால் இடமில்லை. முதியவர்கள் மாலையில் உட்காரக் கோயில் மண்டபத்தைத்தான் தேடுகிறார்கள். அவர்கள் வீட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு மரநிழல் வேண்டும் என்று கேட்பதை யாரும் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

ஆனால் விலை இருக்கிறது. விளக்கத்துக்காக ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம். நகருக்குள் சதுர அடி ஆயிரம் ரூபாய் என்று வைத்தால், 43,560 சதுர அடி கொண்ட ஓர் ஏக்கர் 4.36 கோடி ரூபாய். உரிமையாளர் விற்க மறுத்து, 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் வழியாகப் போனால், சந்தை மதிப்புக்குச் சமமான ஆறுதல் தொகையும் சேர வேண்டும். ஆக 8.7 கோடி. சந்தைப் பகுதியில் சதுர அடி ஆயிரத்துக்கு நிலம் கிடைக்காது என்பது சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். எனவே உண்மைக் கணக்கு இதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே கரையோரம் வசிப்பவர்களில் பலர் கூலி வேலை செய்கிறவர்கள், வெள்ளிப் பட்டறைக்கும் தறிக்கும் போகிறவர்கள். பட்டா வைத்திருப்பவரிடம் பணம் கொடுத்து நிலத்தை வாங்கிவிடலாம். அந்த இடத்தில் இரண்டு தலைமுறையாக வாடகைக்கு இருந்தவர் எங்கே போவார்? பூங்கா வந்த தெருவில் வாடகை ஏறும். யாருக்காகப் பூங்கா கேட்டோமோ அவர்களே அதன் நிழலில் உட்கார முடியாமல் போவதை நான் ஏற்க மாட்டேன்.

நகரக் கரையில் உயிரினங்களுக்கு இடம் உண்டா என்றால், என் பதில் இப்போதைக்கு இல்லை என்பதுதான். சாக்கடையும் சாயக்கழிவும் ஓடும் ஆற்றின் கரையில் புங்கம் நட்டால் நிழல் கிடைக்கும், மீன்கொத்தி வராது. பூங்காவும் வாழிடமும் ஒன்றே என்ற நினைப்பில்தான் நாம் அடிக்கடி தவறுகிறோம். நடைப்பயிற்சிக்கு வருபவருக்கு விளக்கு வேண்டும், பதிகல் பாதை வேண்டும், புதர் இல்லாத புல்தரை வேண்டும். ஆந்தைக்கு இருட்டு வேண்டும். நீர்க்கோழிக்கு நாணலும் சேறும் வேண்டும். கீரிக்குப் புதர் வேண்டும். சென்னையில் அடையாறு முகத்துவாரத்தில் 58 ஏக்கரில் 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவில், வாழிடத்தை முதன்மையாக வைத்து, மக்கள் வருகையைக் கட்டுப்படுத்தினார்கள். பெயரில் பூங்கா என்றிருந்தாலும் செயலில் அது சதுப்புநில மீட்பு. ஒரே துண்டு நிலத்தில் இரண்டையும் எதிர்பார்த்தால் இரண்டில் ஒன்று தோற்கும். பெரும்பாலும் தோற்பது பேசத் தெரியாத பக்கம்.

இரண்டாவது, கொண்டலாம்பட்டியைத் தாண்டி உத்தமசோழபுரம் பக்கம் இருக்கும் தோப்புகளும் வயல்களும். இங்கே நிலம் அகலம், விலை குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் நகரத்தின் கழிவு முழுவதும் இறங்குவது இந்த நிலத்தின் பக்கம்தான். கழிவு நிற்கும்வரை இங்கே வாங்குவது நோய்ப்பட்ட மண்ணைப் பட்டாவோடு வாங்குவதாகும். அதைவிட, தென்னை வைத்திருக்கும் விவசாயியிடம் நிலத்தை விட்டுவிட்டு, கரையிலிருந்து பதினைந்து மீட்டருக்குள் கட்டடம் எழுப்புவதில்லை, மண் கொட்டுவதில்லை என்று பதிவுசெய்த ஒப்பந்தம் போட்டு, அதற்கு ஆண்டுதோறும் குத்தகைபோல ஒரு தொகை கொடுப்பதே புத்திசாலித்தனம். வெள்ளம் வந்தால் விரிய இடம் கிடைக்கும். விவசாயிக்கும் பிழைப்பு போகாது. இங்கே இதற்குமேல் செலவழிக்க வேண்டியதில்லை.

இனி மலையடிவாரம். இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஏற்காட்டு மலைச்சரிவில் காப்புக்காடு முடியும் கோட்டுக்கும் முதல் ஏரிக்கும் இடையில் ஒரு பட்டை நிலம் இருக்கிறது. காடு வனத்துறையின் காவலில் இருக்கிறது. ஏரியின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி சொல்கிறது. இடையில் இருக்கும் பட்டா நிலத்துக்கு மட்டும் காவல் இல்லை. ஓடையின் நீர்வழி புறம்போக்காக இருந்தாலும் அதன் இருகரையும் தனியார் நிலம். மனைப்பிரிவு போடும்போது கரையை வழித்து, ஓடையை நெருக்கி, கடைசியில் குழாயில் அடைத்துவிடுகிறார்கள். ஏரியை எவ்வளவு தூர்வாரினாலும் தண்ணீர் வரும் வழி அடைபட்டால் அது கரை கட்டிய மைதானம்தான்.

மூக்கனேரி நமக்கு இதை ஏற்கெனவே காட்டியிருக்கிறது. சுமார் 58 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரியை 2010இல் சேலத்துக் குடிமக்கள் கூடி மீட்டார்கள். தூர்வாரிய மண்ணை லாரியில் ஏற்றி வெளியே அனுப்பாமல் ஏரிக்குள்ளேயே குவித்துத் தீவுகளாக்கி மரம் நட்டார்கள். இன்று அந்தத் தீவுகளின் மரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் அடைகின்றன. பொழுது சாயும் நேரத்தில் கரையில் நின்றால், நீர்க்காகம் ஒன்று கிளையில் இறக்கையை விரித்து ஈரம் உலர்த்திக்கொண்டிருப்பதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். இதில் எனக்கு அளவில்லாத பெருமை உண்டு. ஆனால் அந்த ஏரிக்கு உயிர் மலையடிவார ஓடைகளில்தான் இருக்கிறது. மக்கள் உழைத்து மீட்ட ஏரியைக் காக்க, அதற்கு மேலே இருக்கும் ஓடைக்கரையை வாங்குவதுதான் அடுத்த படி.

கணக்கையும் பார்ப்போம். ஓடையின் இருபுறமும் பதினைந்து பதினைந்து மீட்டர் என்று ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு வாங்கினால் மொத்தம் மூன்று ஹெக்டேர். ஏறக்குறைய ஏழரை ஏக்கர். ஏக்கர் ஐம்பது லட்சம் என்று வைத்து, பேச்சுவார்த்தையில் விற்பவருக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தாலும் ஐந்தரைக் கோடியைச் சற்றுத் தாண்டும். நகருக்குள் ஓர் ஏக்கரைக் கட்டாயமாக எடுக்கும் பணத்தில் இங்கே ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடைக்கரை கிடைக்கிறது. எண்கள் ஊருக்கு ஊர் மாறும். இந்த விகிதம் பெரிதாக மாறாது என்றே நினைக்கிறேன்.

அகலத்தைவிட இங்கே தொடர்ச்சி முக்கியம். பத்து ஏக்கரை ஒரே சதுரமாக வாங்குவதைவிட, காட்டுக்கோட்டிலிருந்து ஏரிவரை அறுபடாத நாடாவாக வாங்குவது மேல். குரும்பப்பட்டி உயிரியல் பூங்காப் பக்கத்துக் காட்டோரத்தில் புள்ளிமானும் மயிலும் கீரியும் நடமாடும் வழி இந்த ஓடைகள்தான். கரையில் அத்தியும் நாவலும் நொச்சியும் நின்றால் தண்ணீர் தெளிந்து இறங்கும். மண் ஏரிக்குள் வந்து சேராது. நடுவில் ஒரே ஒருவர் விற்க மறுத்தால் நாடா அறுந்துபோகும் என்பது இந்த வழியின் பெரிய பலவீனம். அந்த இடத்தில் ஒப்பந்தம், நீண்டகாலக் குத்தகை, மாற்று நிலம் என்று பொறுமையாகப் பேச வேண்டும். கட்டாயத்தில் இறங்கக் கூடாது.

கட்டாயம் என்ற சொல்லுக்குச் சேலத்தில் தனிப் பொருள் உண்டு. 2018இல் 277 கிலோமீட்டர் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்காக வயல்களில் அளவைக்கல் நட்டபோது அழுத முகங்களை இந்த ஊர் மறக்கவில்லை. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. வழக்கு எப்படிப் போனாலும், அரசு நிலம் கேட்டு வருகிறது என்றாலே வயிறு கலங்கும் நிலை இங்கே இருக்கிறது. பறவைக்காகக் கேட்டாலும் விவசாயியின் பயம் அதே பயம்தான். ஆகவே விரும்பி விற்பவரிடம் நியாய விலைக்குக் கிரயம் என்பது ஒன்றே இந்தத் திட்டத்துக்குப் பொருந்தும்.

மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கும் நிலத்துக்கு நகர மக்களின் வரிப்பணத்தை ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில் பனமரத்துப்பட்டியில் இருக்கிறது. 1911இல், சேலம் ஒரு நகராட்சியாக இருந்த காலத்திலேயே, ஊருக்குக் குடிநீர் வேண்டி ஜருகுமலை அடிவாரத்தில் 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரி உருவானது. ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அங்கே ஊர்ப்பணம் போக வேண்டும் என்பதை நூறாண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்ட ஊர் இது.

அதே பனமரத்துப்பட்டி ஏரிதான் என் வாதத்துக்கு எதிரான சாட்சியும். மாநகராட்சிக்குச் சொந்தமான அவ்வளவு பெரிய ஏரி பல ஆண்டுகள் வறண்டு, சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. சொந்தமாக இருப்பதும் காத்து நிற்பதும் வேறு. எனவே ஓடைக்கரை வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கிரயத்துக்குச் செலவிடாமல் வைப்புத்தொகையாகப் போட்டு, அதன் வட்டியில் அந்தந்த ஊர்க்காரர்களையே காவலுக்கும் கருவேலம் பிடுங்குவதற்கும் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். அங்கே காலங்காலமாக ஆடு மேய்த்தவர்களை வேலிக்கு வெளியே தள்ளவும் கூடாது. எந்த மாதத்தில் எங்கே மேய்க்கலாம் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசினால், புதர் எங்கே உயர்கிறது, யார் மண் கொட்டுகிறார்கள் என்று முதலில் வந்து சொல்லப்போவதும் அவர்கள்தான்.

அப்படியானால் குகையில் ஓட இடமில்லாத குழந்தைக்கு என்ன பதில்? நான்காவது வழி அதற்குத்தான். 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுபவர் சாலை நீங்கலான பரப்பில் பத்து சதவீதத்தைப் பொது வெளியாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள பிரிவுகளில் நிலம் கொடுக்க முடியாவிட்டால் அதற்கு ஈடான பணம் கட்டலாம். இப்படிக் கிடைத்த இடங்களை வார்டு வாரியாகப் பட்டியலிட்டு ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் ஒட்டினால், பூங்காவுக்கு நிலம் வாங்க வேண்டிய தேவையே பல தெருக்களில் இருக்காது. நிலத்துக்குப் பதிலாக வந்த பணத்தை நெருக்கமான பழைய பகுதிகளில் ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று விற்பனைக்கு வரும் சிறு இடங்களை வாங்கப் பயன்படுத்தலாம். ஆற்றை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு வேப்பமரம், ஒரு குடிநீர்க் குழாய், நான்கு திண்ணை, ஓடி விளையாடக் கொஞ்சம் மணல் இருந்தால் போதும்.

என் தேர்வு வெளிப்படையானது: கிரயப் பணத்தின் பெரும்பங்கு மலையடிவார ஓடைக்கரைக்கு, கீழ்க்கரைக்கு ஒப்பந்தம் மட்டும், நகரத்துக்குள் தானமாக வந்த இடங்களை மீட்டுச் சிறு பூங்காக்கள். ஆறு தெளியும் காலம் வரும்போது நகரக் கரையைப் பற்றி மீண்டும் பேசலாம், அந்த நிலம் ஏற்கெனவே கட்டடமாகிவிட்டது, ஓடிப்போகாது. ஓடைக்கரைக்குத்தான் கெடு இருக்கிறது.

அன்று அந்தக் குழாய்க்கு மேற்கே அடுத்த வயலில் ஒரு பெரியவர் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். அவர் நிலத்துக்குள் ஓடை இன்னும் எட்டு மீட்டர் அகலத்தில்தான் ஓடுகிறது. கரையில் வேர் பின்னிய ஓர் அத்திமரம், அதன் அடியில் தெளிந்த மடு. என்னை ஏதோ அலுவலகத்துக்காரன் என்று நினைத்துவிட்டார் போலும். “மனை போடுகிறவர்கள் மூன்று முறை வந்து விலை கேட்டுவிட்டார்கள், தம்பி. உங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் வந்து கேட்கவில்லையே” என்றார். நான் அலுவலகத்துக்காரன் இல்லை என்று சொன்னேன். அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மடுவையே பார்த்தார். தை பிறந்ததும் விற்றுவிட வேண்டும் என்று மகன் நெருக்குகிறானாம்.