ரெண்டு நாள் டிஎன்ஏ ஒர்க்‌ஷாப் போனேன், 3.5/5

கோயம்புத்தூர்ல ஒரு சின்ன பயோடெக் சென்டர், பேர் வேணாம். முதல் நாள் காலைல முழுக்க பிபிடி தான், ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் டிஎன்ஏவை வெட்டுற கத்தரி, லைகேஸ் ஒட்டுற கோந்துனு பிளஸ் டூ புக்குல இருக்குறதையே படிச்சாங்க, செம தூக்கம். மதியம் பைப்பெட் (துளி துளியா அளந்து ஊத்துற கருவி) கைக்கு வந்தப்புறம் தான் களை கட்டுச்சு. லாம்டா வைரஸோட டிஎன்ஏவை ஈகோ ஆர் ஒன் என்சைம் போட்டு 37 டிகிரில ஒரு மணி நேரம் வச்சு வெட்டி, அகரோஸ் ஜெல்லுல (ஜெல்லி மாதிரி இருக்கும், கரண்ட் விட்டா டிஎன்ஏ துண்டுங்க சைஸ் வாரியா பிரிஞ்சு ஓடும்) இருக்குற குட்டி குழில ஊத்தணும், எனக்கு கை நடுங்கி டிப்பு ஜெல்லை குத்திருச்சு. அதை விட கூத்து, டிஎன்ஏவுக்கு நெகட்டிவ் சார்ஜ், பாசிட்டிவ் பக்கம் தான் ஓடும்னு காலைல பாடம் எடுத்தவரே வயரை மாத்தி சொருகிட்டாரு, எல்லாம் பின்னாடி ஓடி ஜெல்லை சுத்தி இருக்குற பஃபர் தண்ணில கலந்துருச்சு 😂 மறுபடி மொதல்லேர்ந்து. யூவி லைட்ல துண்டுக்கு ஒண்ணுனு 6 பட்டை தெரியணும், எனக்கு 5 தான், கேட்டா 5,804 பேஸ் (டிஎன்ஏ நீளத்தோட அளவு) துண்டும் 5,643 பேஸ் துண்டும் சைஸ் பக்கத்துல பக்கத்துல இருக்குறதால ஒட்டிக்குமாம், ஜெல்லை இன்னும் நேரம் ஓட்டணுமாம். இது எந்த புக்குலயும் நான் படிக்கல. ரெண்டாவது நாள் பிசிஆர் (டிஎன்ஏவை நிறைய காப்பி எடுக்குறது), மெஷின் ஒண்ணு ஆள் இருபது, வேடிக்கை தான் பாத்தோம். சாப்பாடு பரவால்ல, தயிர் சாதம் மட்டும் புளிப்பு.