பூட்டிக் கொடுத்த கேமிங் கம்ப்யூட்டர்: சாமான் சுத்தம், வேலை அரைகுறை

சென்னை ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் ஒரு மாடிக்கடையில் கேமிங் கம்ப்யூட்டருக்கான பாகங்களை மொத்தமாக வாங்கி, அங்கேயே பூட்டித் தரச் சொன்னேன். ரைசன் 5 7600 பிராசஸர், 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 6000 வேக டிடிஆர்5 ராம் (தற்காலிக நினைவகம்) இரண்டு. எல்லாப் பெட்டியையும் என் கண்ணெதிரேதான் பிரித்தார்கள்; ரசீதில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்கூட இருந்தது. விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே கேபிள்களை இழுத்துக் கட்டியிருந்த அழகு, பூக்கட்டும் கை தோற்றுவிடும். பாகங்களைப் பூட்டிய கூலி தனி.

வீட்டில் மகள் கார் பந்தயம் ஆடினால் முதல் சில நிமிடம் வழுக்கிக்கொண்டு போகும், பிறகு திக்கும். கடைக்குப் போன் செய்தேன். "சாமான் எல்லாம் ஒரிஜினல் சார், விளையாட்டுதான் கனமானது. விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்" என்றார்கள். எதைச் சொன்னாலும் இவர்களுக்கு விண்டோஸ்தான் குற்றவாளி.

வெப்பம் காட்டும் இலவச மென்பொருளை ஓடவிட்டேன். பிராசஸர் 95 டிகிரியில் போய் ஒட்டிக்கொண்டது. இந்த ரகத்துக்கு அதுதான் எல்லை. அதைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிராசஸருடன் இலவசமாக வந்த விசிறி போதாது என்று சொல்லி என் தலையில் கட்டிய கூலரைக் கழற்றினேன். அடியில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாள்! பொருத்தும் முன் உரிக்கவும் என்று அதிலேயே எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. அதன்மேல், சூட்டைக் கூலருக்குக் கடத்த வேண்டிய தெர்மல் பேஸ்ட் சப்பாத்திமாவுபோல் பரவிக் கிடந்தது. உரித்து, துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்ததும் அதே பந்தயத்தில் 70ஐச் சுற்றியே நின்றது.

ஒன்றில் இப்படி என்றால் மற்றதிலும் இருக்குமே என்று தோண்டினேன். ராம் செருகும் நான்கு இடங்களில், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஒரே பாதையில் நெரிசல்படும். காசு கொடுத்தது 6000க்கு, ஓடிக்கொண்டிருந்தது 4800. பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் அமைப்புத் திரை) ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால் தீர்ந்தது. (இயக்கியபின் முதல்முறை திரை சில நிமிடம் இருட்டாகவே இருக்கும். பதறி ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள், ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது.) நொடிக்கு 165 முறை படம் மாற்றும் 165 ஹெர்ட்ஸ் மானிட்டரும் 60இல்தான் கிடந்தது, அது விண்டோஸில் டிஸ்ப்ளே அமைப்பில் மாற்றுகிற வேலை.

இத்தனைக்கும் எந்தப் பாகமும் பழுதில்லை. கடையில் ஒரு அரைமணி நேரம் ஏதாவது ஒரு விளையாட்டை ஓடவிட்டிருந்தால் முதல் கோளாறு அங்கேயே தெரிந்திருக்கும். அவர்கள் சோதித்தது விண்டோஸ் திரை வருகிறதா என்பதை மட்டும்.

விலைக்கு ஐந்துக்கு ஐந்து, பூட்டுவேலைக்கு ஒன்று. அதுவும் கேபிள் கட்டியதற்காக. அடுத்தமுறையும் சாமான் இங்கேதான் வாங்குவேன், பூட்டுவது வீட்டில். பூட்டித்தான் தரவேண்டும் என்பவர்கள், மீதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெப்ப அளவையும் ராம் வேகத்தையும் திரையில் காட்டச் சொல்லுங்கள்.