முகத்துக்கும் மலைக்கும் ஒரே லென்ஸா? 85, 135, 70-200, 70-300: ஓர் ஒப்பீடு

கேமராவோடு வந்த லென்ஸைத் தாண்டி அடுத்து ஒன்று வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆசைகளைச் சேர்த்தே சொல்வார்கள். முகங்களை அழகாக எடுக்க வேண்டும், பின்னணி கரைந்து போக வேண்டும். அதே லென்ஸோடு வெளியே கிளம்பினால் மலை, மரம், தூரத்தில் நடந்து போகும் ஆள் எல்லாம் கைக்கு எட்ட வேண்டும். யோசனை கேட்டால் லென்ஸின் குவிய நீளத்தைத்தான் எண்ணாகச் சொல்வார்கள் (மி.மீ. கணக்கில்; எண் கூடினால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும், 70-200 போல இரண்டு எண் இருந்தால் அவற்றுக்கிடையே மாற்றிக்கொள்ளும் ஜூம்). ஒருவர் 85 என்பார், இன்னொருவர் 70-200 என்பார், மூன்றாமவர் 135-ஐ விட்டால் வேறு கிடையாது என்று அடித்துச் சொல்வார். மூவரும் சொல்வது சரிதான். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தூரத்தில் நின்று படம் எடுக்கிறவர்கள். அதனால் இந்த ஒப்பீட்டையும் தூரத்திலிருந்தே தொடங்குகிறேன். கீழே வரும் கணக்கெல்லாம் ஃபுல் ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார் உள்ள) கேமராவுக்கு. சிறிய சென்சார் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் சொல்கிறேன்.

கேமராவை நெட்டாகப் பிடித்து, ஒருவரின் தலையும் தோளும் படத்தை நிறைக்கும்படி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மேலிருந்து கீழ் சுமார் 60 செ.மீ. அடங்கும். இதற்கு 85 மி.மீ. லென்ஸ் என்றால் ஒன்றரை மீட்டரில் நிற்பீர்கள். 135 என்றால் 2.4 மீட்டர். 200 என்றால் மூன்றரை மீட்டர். ஆளை முழுதாக, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்கப் போனால் 85-க்கு 5.3 மீட்டர், 135-க்கு 8.4, 200-க்கு 12 மீட்டருக்கும் மேல் விலகிப் போக வேண்டும்.

12 மீட்டரில் சாதாரணக் குரலில் பேச முடியாது. ஒருமுறை திறந்த புல்வெளியில் தோழி ஒருத்தியை முழுக்க 200-இலேயே எடுத்தேன். “முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பு” என்று கத்தினால் அவளுக்குப் பாதிதான் கேட்கும், “என்ன?” என்று நெற்றியைச் சுருக்குவாள். பின்னணி மெழுகு போல உருகியிருந்தது, முகத்தில் மட்டும் அந்த ‘என்ன’ ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் 85-ஐ மாட்டிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேசிக்கொண்டே எடுத்த படங்களில்தான் அவள் அவளாக இருந்தாள். குழந்தைகளை எடுக்கும்போது நிலைமை தலைகீழ். நாம் கிட்டே போனதும் விளையாட்டை நிறுத்திவிட்டு கேமராவைப் பார்ப்பார்கள். அங்கே தூரம்தான் நமக்குத் துணை.

டெலிஃபோட்டோ லென்ஸ், அதாவது தூரத்தை நெருக்கிக் காட்டும் நீளமான லென்ஸ், முகத்தை அழகாக்குகிறது என்று பொதுவாகச் சொல்வதும் இந்தத் தூரத்தைப் பற்றியதுதான். மூக்குக்கும் காதுக்கும் உள்ள அளவு வித்தியாசத்தை நாம் நிற்கும் இடம் முடிவு செய்கிறது, லென்ஸ் அல்ல. ஒரே இடத்தில் நின்று 85-இலும் 200-இலும் எடுத்து, 85-இல் எடுத்ததை வெட்டிப் பெரிதாக்கினால் முக அமைப்பு அச்சு அசலாக ஒன்றாகவே வரும். அரை மீட்டரில் துருத்தித் தெரிகிற மூக்கு, ஒன்றரை மீட்டருக்குப் போனால் இயல்பாகிவிடுகிறது. நீளமான லென்ஸ் நம்மை அந்தத் தூரத்துக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

சரி, பின்னணி மங்கல். லென்ஸ் பேச்சில் அதிகக் குழப்பம் இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். லென்ஸில் ஒளி புகும் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்வது எஃப் எண்; எண் சிறிதானால் துளை பெரிது. குவிய நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். 85 எஃப்/1.8-க்கு 47 மி.மீ., 135 எஃப்/2-க்கு 67, 200 எஃப்/2.8-க்கு 71, 200 எஃப்/4-க்கு 50, 300 எஃப்/5.6-க்கு 54. முகம் படத்தில் ஒரே அளவு வரும்படி நீங்கள் முன்னும் பின்னும் நகர்ந்து எடுத்தால், வெகு தொலைவில் இருக்கும் பின்னணி எவ்வளவு கரையும் என்பதை இந்த விட்டம்தான் சொல்கிறது. அதாவது, ஒளியைக் குறைவாக விடும் மந்தமான லென்ஸ் என்று பலர் ஒதுக்கும் 70-200 எஃப்/4, தொலைவில் உள்ள மரங்களை 85 எஃப்/1.8 அளவுக்கே கரைத்துவிடும்.

ஆனால் ஆளுக்கு ஒரு மீட்டர் பின்னால் சுவரோ புதரோ இருந்தால் கணக்கு மாறுகிறது. அங்கே 85 எஃப்/1.8, 200 எஃப்/4-ஐவிட ஏறக்குறைய 1.7 மடங்கு கூடுதலாக மங்கலாக்கும். பின்னணி பத்து மீட்டருக்கு அப்பால் போய்விட்டால் இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் பெரிதாக இல்லை. ஆக, அறைக்குள்ளும் நெருக்கமான இடங்களிலும் எடுப்பவருக்குச் சிறிய எஃப் எண் முக்கியம். வெட்டவெளியில் எடுப்பவர் அதற்காக அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. அதே தலை-தோள் படத்தில் 85-ஐ எஃப்/1.8-இல் திறந்து எடுத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் 3 செ.மீ. அளவுதான். முகம் சற்றுத் திரும்பினாலே ஒரு கண் கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் போய்விடும். 200-ஐ எஃப்/4-இல் வைத்தால் 7 செ.மீ. கிடைக்கிறது. இரண்டு கண்ணும் தெளிவாக இருக்கும், தொலைவில் உள்ள பின்னணியும் அதே அளவு கரையும். வெளியிடத்து முகப்படங்களுக்கு 200 எஃப்/4-ஐ நான் மனதாரப் பரிந்துரைக்க இதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம் கோணம். 85 கிடைமட்டமாக 24 பாகை அகலத்தைப் பார்க்கிறது, 200 பத்து பாகையை மட்டும். பின்னால் கம்பமும் வண்டியும் விளம்பரப் பலகையும் இருந்தாலும், அவற்றுக்கிடையே ஒரு பச்சைத் துண்டைத் தேடி அதை மட்டும் பின்னணியாக வைத்துக்கொள்ளலாம். இரண்டடி நகர்ந்தால் பின்னணியே வேறாகிவிடும்.

வெளிச்சம் குறையும்போது எஃப்/4 திணறும், அதை மறைக்கக் கூடாது. எஃப்/1.8 அதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. அந்தி நேரத்தில் 85-இல் 1/125 நொடி ஷட்டர் வேகத்துக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 640 போதும் என்றால், எஃப்/4-இல் அதே வேகத்துக்கு 3200 வேண்டும். 200 மி.மீ.-இல் கை நடுக்கத்துக்காக 1/250-க்குப் போனால் 6400. நடுக்கத் தடுப்பு இருந்தால் வேகத்தைக் குறைக்கலாம், உண்மைதான். ஆனால் அது நம் கையின் அசைவை மட்டுமே பிடிக்கும். எதிரே இருப்பவர் தலையைத் திருப்பினால் அது ஒன்றும் செய்யாது. மனிதர்களை எடுக்கும்போது 1/200-க்குக் கீழே போக எனக்கு மனம் வருவதில்லை.

இனி ஒவ்வொன்றாக. 85 எஃப்/1.8-இன் பெரிய பலம் எடை. நிக்கானின் ஏஎஃப்-எஸ் 350 கிராம், சோனி 371, கேனானின் பழைய இஎஃப் 425. பையில் இருப்பதே தெரியாது. எதிரே இருப்பவரையும் மிரட்டாது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கேனான் இஎஃப்பில் வெயில் பட்ட வெள்ளைச் சட்டை ஓரத்தில் ஊதா நிறம் கசியும், எஃப்/2.8 அளவுக்கு மூடினால் வெகுவாகக் குறையும். மலை, விலங்கு என்று போனால் 85 போதாது.

135 ஒரு தனிப் பிறவி. 1996-இல் வந்த கேனான் இஎஃப் 135 எஃப்/2 எல், 750 கிராம்தான். நடுக்கத் தடுப்பு கிடையாது. ஆனாலும் அந்த லென்ஸில் எடுத்த முகப்படங்களைப் பார்த்தால் ஏன் இத்தனை ஆண்டுகளாக யாரும் அதை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள் என்பது புரியும். சிக்மாவின் 135 எஃப்/1.8 ஆர்ட் இன்னும் கூர்மை, எடை மட்டும் ஒரு கிலோவைத் தாண்டுகிறது. கையால் ஃபோகஸ் செய்யும் சம்யாங் 135 எஃப்/2-ஐ இரவு வானத்தைப் படமெடுப்பவர்கள் விரும்பி வைத்திருக்கிறார்கள். தோளுக்கும் முழு உருவத்துக்கும் நடுவே, இடுப்பளவுப் படங்களுக்கு 135-ஐ மிஞ்ச ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். ஆனால் முதல் டெலிஃபோட்டோவாக இதைச் சொல்ல மாட்டேன். சிறிய அறையில் பின்னால் போக இடம் இருக்காது, வெளியே போனால் நீளம் பாதியில் நிற்கும்.

70-200 எஃப்/2.8-தான் பலரின் கனவு. விழாக்கள், மேடை நிகழ்ச்சிகள் எடுத்துச் சம்பாதிப்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், அதுதான் கருவி. மற்றவர்கள் எடையை முதலில் பாருங்கள். எஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) காலத்தில் இது ஒன்றரைக் கிலோ சமாச்சாரம். கேனான் இஎஃப் மூன்றாம் பதிப்பு 1480 கிராம். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வந்தபின் கேனான் ஆர்எஃப் 1070-க்கும், சோனி ஜிஎம் இரண்டாம் பதிப்பு 1045-க்கும் இறங்கின. டாம்ரான் 70-180 எஃப்/2.8, 20 மி.மீ.-ஐ விட்டுக்கொடுத்து 810 கிராமில் நிற்கிறது. முதல் பதிப்பில் லென்ஸுக்குள் நடுக்கத் தடுப்பு இல்லை, 2023-இல் வந்த இரண்டாம் பதிப்பில் உண்டு. பழைய லென்ஸ் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிக்கான் 70-200 எஃப்/2.8-இன் 2009-ஆம் ஆண்டு விஆர் 2 பதிப்பை 200-இல் வைத்து மிக அருகே ஃபோகஸ் செய்தால், ஏறக்குறைய 135 மி.மீ. அளவுக்குத்தான் முகம் பெரிதாகத் தெரியும். முகத்தை நெருக்கமாக எடுப்பவருக்கு இது ஏமாற்றம். 2016-இல் வந்த அடுத்த பதிப்பில் அதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள்.

எஃப்/4 வகைக்கு வந்தால் கேனான் ஆர்எஃப் 695 கிராம். சோனியின் 2023 பதிப்பு 794 கிராம், அதோடு பொருளைப் பாதி அளவுக்குப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ வசதியும் சேர்ந்தது. காலையில் பனித்துளி, பட்டாம்பூச்சி, நடுவில் ஒரு முகம், மாலையில் அடுக்கடுக்காகத் தெரியும் மலைகள் என்று ஒரே லென்ஸில் ஒரு நாளைக் கழிக்கலாம். டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி நீளத்தைக் கூட்டும் துணைக் கருவி) போடலாமே என்று நினைப்பவர்கள் வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். 2019-இல் வந்த ஆர்எஃப் 70-200 எஃப்/2.8, அடுத்து வந்த எஃப்/4 இரண்டிலும் அதைப் பொருத்த முடியாது. பொருந்துகிற எஃப்/2.8 லென்ஸில் 1.4 மடங்கு போட்டால் 280 எஃப்/4 ஆகும், 2 மடங்கு போட்டால் 400 எஃப்/5.6.

70-300-ஐ மலிவு வகை என்று தள்ளிவிடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் 300 மி.மீ. தருகிற நெருக்கத்தை 200 தராது. கேனான் இஎஃப் 70-300 இரண்டாம் பதிப்பு 710 கிராம், சோனிக்கான டாம்ரான் 545 கிராம். டாம்ரானில் நடுக்கத் தடுப்பு இல்லை. வெளிச்சம் சாயும்போது இவை எஃப்/4-ஐவிட முன்னதாகவே களைத்துவிடும். பறவைகளுக்கு 300-உம் பெரும்பாலும் போதாது, 400-க்கு மேல் போக வேண்டும். நடுப்பகலில் தொலைதூரக் காட்சிகள் நெளிந்து, கூர்மையில்லாமல் வந்தால் லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். அது தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றின் வேலை. எவ்வளவு உயர்ந்த லென்ஸாலும் அதைத் திருத்த முடியாது. அதிகாலையில் போய்ப் பாருங்கள்.

ஒன்றே ஒன்று என்றால் நான் 70-200 எஃப்/4 பக்கம்தான். முகங்கள்தான் முதல் ஆசை என்றால் முதலில் 85 எஃப்/1.8 வாங்கி, சில மாதம் அதோடு மட்டும் பழகுங்கள். எட்டவில்லை என்ற குறை அடிக்கடி வந்தால் பிறகு ஒரு 70-300-ஐச் சேர்த்துக்கொள்ளலாம். சோனியின் 85-உம் டாம்ரானின் 70-300-உம் சேர்ந்து 916 கிராம்தான். ஒரே ஒரு 70-200 எஃப்/2.8 ஜூம் அதைவிடக் கனம்.

ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸின் குவிய நீளத்தை 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், கேனானில் 1.6. உங்களிடம் 50 எஃப்/1.8 இருந்தால் ஏறக்குறைய 85-இன் வேலை அதிலேயே நடந்துவிடும். 85 வாங்கினால் அது 135 போல நடந்துகொள்ளும், வீட்டுக்குள் இடம் பற்றாது. 70-200 உங்களுக்கு 105-300 ஆகிவிடும் என்பதால் 70-300-க்கு அலைய வேண்டியதில்லை. இன்னும் எளிதாக, கேனானின் 55-250 எஸ்டிஎம் 375 கிராமில் நல்ல வெளிச்சத்தில் மனநிறைவான படங்களைத் தரும்.

வாங்கும் முன் ஒரு நாளைக்காவது வாடகைக்கோ நண்பரிடமோ கேட்டு எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். காலையிலிருந்து நடங்கள், யாராவது ஒருவரை நிற்கவைத்துப் பேசிக்கொண்டே எடுங்கள். வெயில் இறங்கிய பிறகு அந்த லென்ஸ் இன்னும் கேமராவில் மாட்டியபடி தோளில் இருக்கிறதா, இல்லை மதியமே பைக்குள் போய்விட்டதா என்று பாருங்கள்.