கேஸ் விலையா, ஓட்டையா? ஆர்-22ஐ விட்டு ஆர்-32க்குப் போன கணக்கு

திருவான்மியூரில் கடலுக்கு நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. 2011இல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி., கடைசி மூன்று வருடமாக ஏப்ரல் பிறந்தால் கேஸ் கேட்டது. 2024இல் வந்த மெக்கானிக் கையை விரித்துவிட்டார்: "சார், ஆர்-22 விலை ஏறிக்கிட்டே போகுது. இந்தத் தடவை போட்டுடறேன், அடுத்த வருஷம் கேட்காதீங்க." அப்புறம்தான் கணக்குப் போட உட்கார்ந்தேன். பழையதையே ஓட்டலாம், தெரிந்தவர் மலிவாகத் தருவதாகச் சொன்ன ஆர்-410ஏ மெஷினை வாங்கலாம், புதிதாக ஆர்-32 அல்லது ஆர்-290 வாங்கலாம். இந்த 'ஆர்' நம்பர்கள் எல்லாம் ஏ.சி.க்குள் சுற்றிக் குளிர்விக்கும் கேஸ்களின் பெயர்கள்.

ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுக்கும் கேஸ். ஓசோனைக் காக்க உலக நாடுகள் போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி இந்தியா 2030க்குள் இதை 97.5 சதவீதம் குறைத்தாக வேண்டும். மிச்சம் 2.5 சதவீதம் பழைய மெஷின்களின் ரிப்பேருக்காக 2040 வரை ஓடும். ஆக, நாளைக்கே கேஸ் கிடைக்காமல் போகாது, விலைதான் கடிக்கும்.

அந்த விலை யாரைக் கடிக்கும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றுகிறது. "வருஷா வருஷம் கேஸ் போடணும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையில்லாத ஆர்-22 மெஷின் வைத்திருப்பவருக்கு இந்த விலையேற்றத்தால் ஒரு பைசா நஷ்டமில்லை. அவர் நிம்மதியாக ஓட்டலாம். என் மெஷினில் உப்புக்காற்று காயிலை, அதாவது கேஸ் ஓடும் குழாய்ச் சுருளை, அரித்திருந்தது. ஒரு இடத்தில் பற்றவைத்தால் இன்னொரு இடத்தில் கசிந்தது. ஒவ்வொரு முறையும் 3,000 ரூபாய்க்குக் குறையவில்லை. பதின்மூன்று வயது மெஷினுக்குப் புதுக் காயில் தேடுவது வீண் வேலை.

அதே மெஷினில் வேறு கேஸ் ஏற்றலாமே என்று கேட்டவர்கள் உண்டு. ஆர்-410ஏ, ஆர்-22ஐப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் ஓடுவது. பழைய மெஷின் தாங்காது. ஆர்-407சி என்ற இன்னொரு கேஸைப் போட வேண்டுமென்றால் கம்ப்ரஸர் ஆயிலையே மாற்ற வேண்டும். எரியும் கேஸை ஏற்றித் தருகிறேன் என்றார் ஒருவர். ஏற்கெனவே கசிகிற காயிலில்! கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.

பழைய ஆர்-410ஏ மெஷின் விலை ஆசைகாட்டியது. ஆனால் அதே மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் 2016இல் செய்த கிகாலி திருத்தம், ஓசோனைக் கெடுக்காவிட்டாலும் பூமியைச் சூடாக்கும் இந்த வகைக் கேஸ்களையும் குறைக்கச் சொல்கிறது. இந்தியாவுக்கு 2028இல் உச்சவரம்பு, 2032இல் 10 சதவீத வெட்டு. அந்த அளவைக் கிலோவில் பார்ப்பதில்லை, பூமியைச் சூடாக்கும் திறனோடு பெருக்கிப் பார்க்கிறார்கள். கரியமில வாயு 1 என்றால் ஆர்-410ஏ 2,088, ஆர்-32 வெறும் 675. ஒரு கிலோ 410ஏ விற்கும் ஒதுக்கீட்டில் மூன்று கிலோ ஆர்-32 விற்கலாம். கம்பெனிக்காரர் எதைக் கைவிடுவார்? ஆர்-22இல் பட்டதை இன்னொரு முறை படுவதற்கு நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

ஆர்-290 காகிதத்தில் முதல் மார்க். சூடாக்கும் திறன் 3தான், கிகாலி கவலையே இல்லை. கோத்ரெஜ் 2012இலிருந்தே விற்கிறது. ஆனால் இது புரொப்பேன், நன்றாக எரியும். எங்கள் மெக்கானிக் "அதுல கை வைக்க மாட்டேன் சார்" என்றார். நான் வீட்டில் ஓட்டிப் பார்த்ததில்லை. உங்கள் ஊரில் கம்பெனி சர்வீஸ் நன்றாக இருந்தால் கணக்கு மாறலாம்.

ஆர்-32ஐ எடுத்ததற்குக் காரணம் அதே ஓட்டைக் கணக்குதான். கடலோரத்தில் என்றாவது கசியும். அன்று எங்கள் தெருவுக்கு வரும் எந்த மெக்கானிக்கிடமும் இந்த சிலிண்டர் இருக்கும். கலவை இல்லாத ஒற்றைக் கேஸ், 410ஏயை விடக் குறைந்த அளவே போதும். லேசாக எரியக்கூடியது என்பதால் குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் இல்லாமல் வருபவரை உள்ளே விடாதீர்கள். நான் எதிர்பாராத செலவு ஒன்றும் வந்தது: சுவருக்குள் இருந்த பழைய செம்புக் குழாயில் ஆயில் படிந்திருந்ததால் புதுக் குழாயை வெளியே இழுக்க வேண்டியதாயிற்று.

கரண்ட் பில்லும் குறைந்தது. அந்தப் புகழ் இன்வெர்ட்டர் கம்ப்ரஸருக்கும் ஐந்து ஸ்டாருக்கும்தான், கேஸுக்கு இல்லை.

பழைய மெஷினுக்கு எக்ஸ்சேஞ்சில் கொடுத்ததை விட பழைய இரும்புக் கடைக்காரர் கூடுதலாகக் கொடுத்தார். அவர் கண் செம்பின் மேல். மீதிக் கேஸைக் காற்றில்தான் விட்டிருப்பார், அது கொஞ்சம் உறுத்துகிறது.

புது மெஷின் இரண்டு கோடை பார்த்துவிட்டது, கேஸ் தொடவில்லை. பழையதும் முதல் ஏழெட்டு வருடம் இப்படித்தான் சமர்த்தாக இருந்தது. அதனால் இம்முறை அவுட்டோர் யூனிட்டைக் கடல் காற்று நேரே படாத பின்பக்கச் சுவரில் மாட்டி, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் காயிலைக் கழுவுகிறேன்.