ஒரே டகோட்டா, இரு முற்றுகைகள்: பூஞ்ச், தியன் பியன் பூ

முற்றுகையில் சிக்கிய படைக்கு விமானி பொருள்களைக் கொண்டுசேர்க்க இரண்டே வழிகள்: தரையிறங்குவது அல்லது பாராசூட்டில் போடுவது.

1954 மார்ச் இறுதியில் ஓடுதளம் குண்டுவீச்சில் பயனற்றுப் போனதும், வியட்மின் படை முற்றுகையிட்ட வியட்நாமின் தியன் பியன் பூ முகாமில், டகோட்டா சரக்கு விமானங்களை ஓட்டிய பிரெஞ்சு விமானிகளுக்கு இரண்டாவது வழியே மிஞ்சியது. விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு நடுவே துணிந்து பறந்தார்கள். மூட்டைகள் பலவும் எதிரியிடமே விழுந்தன. காயம்பட்டவர்களை ஏற்றிவர முடியவில்லை, அதுதான் பெருங்கொடுமை. மே 7-இல் முகாம் வீழ்ந்தது.

காஷ்மீரில், பாகிஸ்தான் ஆதரவுப் படைகள் சூழ்ந்த பூஞ்சில் இறங்க முடிந்தது. 1947 டிசம்பரில், வீரர்களும் அகதிகளும் தம் கைகளால் சமன்செய்த குறுகிய தளத்தில் இந்திய விமானப்படை அதிகாரி மெஹர் சிங் டகோட்டாவை இறக்கினார். சுற்றிலும் மலை, மலைமேல் பகைவர். என் மனம் அதிகம் வணங்குவது இந்தத் துணிவைத்தான்: தரையில் நிற்கும் விமானத்தைவிட எளிய இலக்கு ஏது? தளத்தில் குண்டுகள் விழத் தொடங்கியபோது, எண்ணெய் விளக்குகளின் வெளிச்சத்தில் இரவில் பீரங்கிகளைக் கொண்டுவந்தார்கள். திரும்பும்போது அகதிகளையும் காயம்பட்டோரையும் ஏற்றிச் சென்றார்கள். 1948 நவம்பரில் முற்றுகை உடையும்வரை பூஞ்ச் விழவேயில்லை.