நாலு வருடமாகப் பார்க்கும் புகை வரைபடம்

டெல்லி துவாரகாவில் இருக்கும் நண்பர் நேற்றுக் கேட்டார்: "அந்த சாட்டிலைட் படத்தைப் பார்த்து, காலையில் அம்மாவை வாக்கிங் அனுப்பலாமான்னு சொல்ல முடியுமா?" அக்டோபர் பிறந்தால், அன்றன்றைய சாட்டிலைட் படங்களைக் காட்டும் நாசாவின் வேர்ல்ட்வியூ இணையதளத்தைத் தினமும் திறப்பவன் நான். மயூர் விஹார் வீட்டில் பல் தேய்ப்பதற்கு அடுத்த வேலை அதுதான்.

முதலில் அதன் அருமையைச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூன் 7 அன்று நியூ ஜெர்சியிலிருந்து அக்கா போன் செய்தாள், வானமே ஆரஞ்சாக இருக்கிறது என்று. தேதியை ஒவ்வொரு நாளாகப் பின்னால் நகர்த்தினேன். கியூபெக் காடுகளில் கிளம்பிய புகை தெற்கே இறங்கி அவள் தலைமேல் வந்து நின்றது அப்படியே தெரிந்தது. மாதக் கடைசியில் கனடாவின் புகை அட்லாண்டிக்கையும் தாண்டி ஐரோப்பாவுக்குப் போனது. அதையும் விடாமல் பார்த்தேன். இலவசமாக இப்படி ஒன்று கிடைப்பது பெரிய கொடை.

டெல்லிக்கு வந்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. எல்லாம் படத்தில் தீ எரியும் இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளிகளால். தீயைக் கண்டுபிடிக்கும் விர்ஸ் கருவியைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள் பகலில், டெல்லிக்குப் புகை அனுப்பும் பஞ்சாப் வயல்கள் மேல் போவது மதியம் ஒன்றரையை ஒட்டி. பராலியை, அதாவது அறுத்த வயலில் நிற்கும் நெல் தாளை, மாலை நாலு மணிக்குக் கொளுத்தினால் அந்தத் தீ சின்னதாக எரிந்து அணைந்துவிடும், புள்ளியே விழாது. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும் கொரிய செயற்கைக்கோளைப் பார்த்தவர்கள் 2024-லேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். அடர்ந்த மேகம் மூடினாலும் இதே கதைதான். அப்புறம் டிவியில் "தீ குறைந்துவிட்டது" என்று எண்ணிக்கையைக் காட்டும்போது ரத்தம் கொதிக்கிறது.

அதனால் புள்ளிகளை அணைத்துவிட்டு நிறத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். பனிமூட்டம் பளீரென்று வெள்ளையாக, ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். புகை சாம்பல் பழுப்பு, அடியில் வயல் மங்கலாகத் தெரியும். நவம்பரில் இரண்டும் கலந்துவிடும், அப்போது எனக்கும் பிடிபடாது.

சரி, நண்பருக்கு என்ன சொன்னேன்? படத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்றேன். மேலிருந்து பார்க்கும் படத்தில் புகை தெரியும், ஆனால் அது உயரத்தில் மிதக்கிறதா, அம்மாவின் மூக்கருகே இருக்கிறதா என்று தெரியாது. வீட்டுக்குப் பக்கத்தில் காற்றின் தரத்தை அளக்கும் நிலையத்தின் பிஎம் 2.5, அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகள் அளவைக் காலையில் பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்றேன். இவ்வளவு புகழ்ந்த பிறகு இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது.