மக்காச்சோளம் அரைக்கும் கை மில்: மூன்று மாதம் அரைத்துப் பார்த்த பிறகு

மெக்சிகோவில், நான் இருக்கும் கெரேத்தாரோ நகரத்தில், எங்கள் தெருமுனையில் ஒரு மோலினோ இருக்கிறது. நம் ஊர் மாவு மில் மாதிரிதான், வீட்டில் வேகவைத்த மக்காச்சோளத்தை வாளியில் கொண்டுபோனால் சில நிமிடத்தில் மாவாக்கித் தந்துவிடுவார்கள். ஆனால் மதியத்தோடு மூடிவிடுவார்கள், நான் வேலை முடிந்து வருவது மாலை ஆறு மணிக்கு. பாக்கெட் மாவில் தட்டிய டோர்ட்டியாவில் (இவர்களுடைய மக்காச்சோள ரொட்டி) அந்த வாசனை வரவே இல்லை. அதனால் இந்தக் கை மில்லை வாங்கினேன். வார்ப்பிரும்பு, மேலே சோளம் கொட்ட ஒரு கிண்ணம், உள்ளே தள்ளிவிடும் புரி, முன்னால் பல் வெட்டிய இரண்டு தட்டுகள், மேசை விளிம்பில் இறுக்க ஒரு திருகாணி. ஆயிரம் பேசோவுக்குள் முடிந்தது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலையில் சுற்றி ஆவியில் வேகவைக்கும் தமால், கோருந்தா, கல்லில் தடிமனாகச் சுடும் த்லாகோயோ மாதிரி கொஞ்சம் கரகரப்பைத் தாங்கும் பலகாரங்களுக்கு இது அருமை. மெல்லிய டோர்ட்டியாவுக்கு இரண்டு தடவை, சில நாள் மூன்று தடவை அரைக்க வேண்டும். விற்றவர் ஒரே தடவை போதும் என்றார், அது உண்மையில்லை. ஒரு தடவை அரைத்த மாவில் தட்டியதெல்லாம் ஓரம் வெடித்தது, கோமாலில் (இவர்களுடைய தோசைக்கல்) உப்பவே இல்லை.

ஆனால் மில்லைக் குறை சொல்வதற்கு முன் சோளத்தின் பதத்தைப் பார்க்க வேண்டும், முதல் இரண்டு வாரம் எனக்குப் பிடிபடாதது அதுதான். காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே அரைத்தால் அது வெறும் சோளமாவு, பிசைந்தால் சேராது. சுண்ணாம்பு போட்டு வேகவைக்க வேண்டும். ஒரு கிலோ சோளத்துக்குப் பத்து கிராம் சமையல் சுண்ணாம்பு, இரண்டரை லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாத்திரம் (அலுமினியம் வேண்டவே வேண்டாம், சுண்ணாம்பு அதை அரித்துவிடும்). மெல்லிய தீயில் முக்கால் மணி நேரம், தோல் விரலில் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வரும்போது இறக்கி, மூடி, இரவு முழுக்க அப்படியே விட்டுவிட வேண்டும். மறுநாள் கழுவினால் கிடைப்பதுதான் நிஷ்தமால். நாவாட்டில் என்ற இங்குள்ள பழங்குடி மொழியில் சாம்பல் என்ற சொல்லும் தமால் என்ற சொல்லும் சேர்ந்து வந்த பெயர். வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான் இங்கே ஒரு நாட்டின் அன்றாட உணவைத் தாங்கி நிற்கிறது என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சோளத்தில் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி ஆக்குவதும் இந்தச் சுண்ணாம்புதான், சோளத்தை மட்டும் கொண்டுபோய் இந்த முறையை விட்டுவிட்ட வட இத்தாலியில் ஏழைகள் நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோயில் தலைமுறை தலைமுறையாக அவதிப்பட்டார்கள்.

சரி, மில்லுக்கு வருகிறேன். வாங்கியவுடன் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, பிறகு இரண்டு மூன்று பிடி சோளத்தை அரைத்துக் கீழே கொட்டிவிடுங்கள். என்னுடையதில் முதல் இரண்டு பிடியும் சாம்பல் நிறத்தில்தான் வந்தது. திருகாணியின் வாய் குறுகல், கிரானைட் மேடையில் நிற்காமல் நழுவி ஒருமுறை கிண்ணத்தோடு சாய்ந்தது. தடித்த மரமேசைதான் இதற்குச் சரி. அரைக்கும்போது சோளம் ஈரமாக இருக்க வேண்டும், உலர்ந்தால் கைப்பிடி அசையாது. அதற்காகத் தண்ணீரை ஊற்றிவிடவும் கூடாது, தெளிக்கத்தான் வேண்டும். ஒரு கிலோவை இரண்டு தடவை அரைக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆகிறது, தோள் நன்றாகவே வலிக்கும். கழுவியதும் துடைத்து அடுப்புச் சூட்டில் காயவைக்காவிட்டால் ஒரே இரவில் துரு பிடித்துவிடும்.

இது உண்மையாகவே ஜொலித்தது மிச்சோகான் சமையலில். 2010-ல் யுனெஸ்கோ மெக்சிகோவின் பாரம்பரிய உணவைத் தன் பட்டியலில் சேர்த்தபோது எடுத்துக்காட்டாக வைத்தது அந்த மாநிலத்தைத்தான். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா அந்தப் பக்கம், பாட்ஸ்குவாரோ ஏரிக்கரைக்காரர். கோருந்தா செய்யச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். பச்சைச் சோளப் பயிரின் நீள இலையில் மாவை வைத்து முக்கோணமாக மடித்து மடித்துச் சுற்றி ஆவியில் வேகவைப்பது, அவர் ஊரில் சுண்ணாம்புக்குப் பதில் விறகுச் சாம்பல் போட்டுச் சோளத்தை வேகவைக்கும் வழக்கமும் உண்டு. பன்றிக் கொழுப்பு சேர்த்து மாவை அடித்து அடித்து, ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும் வரை விடக்கூடாது என்றார். இந்த மில்லில் ஒரே தடவை அரைத்த மாவு அதற்குப் பொருத்தமாக அமைந்தது, வெந்ததும் இலையைப் பிரித்தால் உதிரியாக, மெத்தென்று, மேலே க்ரேமாவும் (புளித்த பாலாடை) மிளகாய் சால்சாவும். மோலினோவின் நைசான மாவில் செய்ததைவிட இது நன்றாக இருக்கிறது என்று அவரே சொன்னார்.

அப்புறம் மழைக்காலத்தில் உச்சேபோ. இது பிஞ்சுச் சோளத்தை அரைத்துச் செய்வது, சுண்ணாம்பு கிடையாது. அரைக்கும்போது சோளத்தின் பால், மில்லின் வாயிலிருந்து மட்டுமல்ல, பின்பக்கத்திலிருந்தும் ஒழுகும், கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பாலை வீணாக்கினால் மாவு வறண்டுபோகும்.

தினமும் டோர்ட்டியா வேண்டும், பக்கத்தில் மோலினோவும் திறந்திருக்கிறது என்றால் இதை வாங்க வேண்டாம், அங்கேயே போங்கள். வாரத்தில் ஒருநாள் உட்கார்ந்து தமாலோ கோருந்தாவோ செய்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போது மாற்றுத் தட்டு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், என்னுடையதில் பற்கள் இப்போதே லேசாக மழுங்க ஆரம்பித்துவிட்டன.